தோற்ற படைக்கு ஏன் முரசொலி? 18ஆம் நூற்றாண்டின் போர் மரியாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியின் பழைய முற்றுகைகளைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: "தோற்றுப்போனவனுக்கு எதற்கு மேளதாளம்?" கொடியை விரித்து, முரசு அடித்துக்கொண்டு, தோளில் துப்பாக்கியோடு கோட்டையை விட்டு வெளியேறுகிறது தோற்ற படை. வழியின் இருபுறமும் வரிசையாக நின்று அதைப் பார்க்கிறது வென்ற படை. இன்றைக்குக் கேட்டால் நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் காட்சிக்குப் பின்னால் கறாரான ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே இங்கே பதில் சொல்கிறேன்.

"போர் மரியாதை" என்று எதைச் சொன்னார்கள்?

ஒரு கோட்டையையோ ஊரையோ காத்து நின்ற படை, "இனி முடியாது" என்ற நிலையில் பேசி ஒப்படைக்கும்போது அதற்குக் கிடைத்த சலுகைகளின் தொகுப்புதான் இது. முழு மரியாதை என்றால் படை அணிவகுத்து வெளியே வரலாம். கொடி விரிந்து பறக்கும். முரசு ஒலிக்கும். வீரர்களிடம் ஆயுதம் இருக்கும். ஓரிரு பீரங்கிகளைக்கூட இழுத்துக்கொண்டு போகலாம். சில சமயம் படை அப்படியே தன் நாட்டு எல்லைக்குப் போய்விடும். கைதி என்ற பேச்சே கிடையாது. சில சமயம் வெளியே வந்து ஓரிடத்தில் ஆயுதத்தை வைத்துவிட்டுக் கைதியாகும். அப்போதும் அதிகாரிகளின் இடுப்பு வாளைத் தொட மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரானது நிபந்தனையற்ற சரண். "உங்கள் தயவில் விழுகிறோம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்" என்று ஒப்படைப்பது. இந்த இரண்டுக்கும் நடுவே பல படிகள் இருந்தன. எந்தப் படியில் நிற்பது என்பதற்காகத்தான் அத்தனை பேரமும்.

தோற்றவனுக்கு மரியாதை கொடுப்பதில் வென்றவனுக்கு என்ன லாபம்?

நாள் மிச்சம், ஆள் மிச்சம். ஒரு கோட்டையைச் சுற்றி வளைத்துக் கிடக்கும் படைக்கு ஒவ்வொரு நாளும் செலவு. சீதபேதியும் காய்ச்சலும் பீரங்கியைவிட அதிகம் பேரைக் கொல்லும். உதவிக்கு எதிரியின் இன்னொரு படை வந்து சேரலாம், மழை பிடித்துக்கொள்ளலாம். உடைந்த மதில் வழியாகப் பாய்ந்து ஏறினால் முன்வரிசை ஆட்கள் நூற்றுக்கணக்கில் விழுவார்கள். இத்தனையையும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கித் தவிர்க்க முடிந்தால், எதிரி முரசு அடித்துக்கொண்டு போவதால் என்ன குறைந்துவிடப் போகிறது?

உள்ளே இருக்கும் தளபதிக்கு இது இன்னும் முக்கியம். கோட்டை அவன் சொத்தில்லை, ராஜாவின் சொத்து. ஊர் திரும்பினால் "ஏன் விட்டாய்?" என்று விசாரணை வரும். கையில் நல்ல ஷரத்துகள், அதாவது ஒப்பந்த நிபந்தனைகள், இருந்தால் அதுவே அவனுக்குச் சாட்சி: எதிரியே என் வீரத்தை ஒத்துக்கொண்டான், பார்.

1756இல் மினோர்க்கா தீவில் நடந்ததைப் பாருங்கள். எண்பது வயதைத் தாண்டிய பிரிட்டிஷ் தளபதி பிளேக்னி, செயின்ட் பிலிப் கோட்டையை இரண்டு மாதத்துக்கு மேல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து காத்து, கடைசியில் போர் மரியாதையோடு ஒப்படைத்தார். அவருடைய படையைப் பிரெஞ்சுக்காரர்களே ஜிப்ரால்டருக்கு அனுப்பிவைத்தார்கள். ஊர் திரும்பியவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. அவரைக் காப்பாற்றப் போய், ஒரு சண்டை போட்டுவிட்டுத் திரும்பிய கடற்படைத் தளபதி பிங்கை மறு வருடம் மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். தீவை ஒப்படைத்தவருக்குப் பட்டம், ஒப்படைக்காதவருக்குக் குண்டு. "கடைசிவரை செய்ய வேண்டியதைச் செய்தாயா?" என்பதுதான் அன்றைய அளவுகோல்.

எப்போது சரணடைந்தால் கௌரவம்? அதற்கு விதி உண்டா?

எழுதிய விதி கொஞ்சம், எழுதாத விதி நிறைய. முதலில் முற்றுகை எப்படி நகரும் என்று பார்த்துவிடுவோம். பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதை ஒரு தச்சு வேலை மாதிரி ஒழுங்குபடுத்திவிட்டார். கோட்டைக்கு இணையாக முதலில் ஒரு நீளப் பள்ளம் தோண்டுவது. அங்கிருந்து கோணல்மாணலாக முன்னால் வெட்டிப் போய் இரண்டாவது பள்ளம், பிறகு மூன்றாவது. கடைசியில் அகழியின் விளிம்பில் பெரிய பீரங்கிகளை நிறுத்தி, மதிலின் ஒரே இடத்தை அடித்துக்கொண்டே இருப்பது. மதில் சரிந்து, கற்குவியல் அகழிக்குள் விழுந்து, ஆள் ஏறிப் போகிற அளவுக்குச் சரிவு உண்டாகிவிட்டால் உடைப்பு தயார். வேலை தெரிந்த பொறியாளர் பள்ளம் தோண்ட ஆரம்பித்த அன்றே, இது எத்தனை நாளில் முடியும் என்று சொல்லிவிடுவார்.

உடைப்பு உண்டாகும் முன்பே கதவைத் திறந்துவிட்டால் கோழை, சில சமயம் துரோகி. உடைப்பு உண்டான பிறகும் "வந்து பார்" என்று நின்று, எதிரி பாய்ந்து உள்ளே நுழைந்துவிட்டால் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. அப்படிப் பிடிபட்ட ஊரைச் சூறையாடுவது வென்றவனின் உரிமை என்றே ஐரோப்பியப் படைகள் நினைத்தன. 1747இல் நெதர்லாந்தின் பெர்கன்-ஆப்-சூம் கோட்டைக்குள் பிரெஞ்சுப் படை பாய்ந்து நுழைந்தபோது நடந்த கொலையும் கொள்ளையும் ஐரோப்பாவையே உலுக்கியது.

ஆகவே கௌரவத்தின் வாசல் மிகக் குறுகலானது. ஒரு நாள் முந்தினால் அவமானம், ஒரு நாள் பிந்தினால் படுகொலை. நடுவில் இருக்கிற அந்த நேரத்தைத் தளபதி கணித்தாக வேண்டும்.

பேச்சை ஆரம்பிப்பது எப்படி? வெள்ளைக்கொடியா?

வெள்ளைத் துணியும் உண்டு. ஆனால் முதலில் பேசுவது முரசு. மதில்மேல் ஒரு முரசுக்காரன் ஏறி நின்று, "பேச வேண்டும்" என்பதற்கென்றே உள்ள தாளத்தை அடிப்பான். ஐரோப்பியப் படைகள் எல்லாவற்றுக்கும் தெரிந்த தாளம் அது.

அமெரிக்க விடுதலைப் போரில், 1781 அக்டோபர் 17ஆம் தேதி காலை யார்க்டவுனில் நடந்தது இதற்கு மிக நல்ல படம். கார்ன்வாலிஸின் பிரிட்டிஷ் படை உள்ளே. வாஷிங்டனின் அமெரிக்கப் படையும் ரோஷாம்போவின் பிரெஞ்சுப் படையும் வெளியே. நூற்றுக்கு மேற்பட்ட பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருக்க, பிரிட்டிஷ் அரண்மேல் சிவப்புச் சட்டை போட்ட ஒரு முரசுக்காரன் ஏறி நின்று அடிக்கிறான். சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை. எதிரே இருந்த இளம் அமெரிக்க அதிகாரி ஒருவர் தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார்: அந்தச் சிவப்புச் சட்டை கண்ணில் படாமல் போயிருந்தால் அவன் யுகமுடிவு வரை அடித்துக்கொண்டே இருந்திருப்பான் என்று. பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தபின் அந்த ஒற்றை முரசு கேட்டது. அதைவிட இனிய இசையைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றும் எழுதினார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்தியபடி ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வெளியே வந்தார். முரசுக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதிகாரியின் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனார்கள். வழியில் இருக்கும் பள்ளங்களையும் பீரங்கிகளையும் அவர் எண்ணிவிடக் கூடாதல்லவா, அதற்காக.

கார்ன்வாலிஸ் 24 மணி நேரம் கேட்டார். வாஷிங்டன் கொடுத்தது 2 மணி நேரம்.

ஷரத்துகளை யார் எழுதுவது?

தோற்பவர்தான் முதலில் எழுதுவார். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உள்ளே இருக்கும் தளபதி தன் கோரிக்கைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு அனுப்புவார். ஒவ்வொன்றுக்கும் எதிரே வென்றவர் "சம்மதம்", "மறுக்கப்படுகிறது", "இப்படி மாற்றினால் சம்மதம்" என்று பதில் எழுதுவார். காயம்பட்டவர்கள், நோயாளிகள், ஊராரின் சொத்து, கோயில், மருத்துவமனை, அதிகாரிகளின் மூட்டை முடிச்சு எல்லாவற்றுக்கும் தனித்தனி ஷரத்து. எழுதி முடிகிற வரை இரு பக்கமும் ஓரிரு அதிகாரிகளைப் பிணையாக மாற்றிக்கொள்வதும் உண்டு.

அவசரத்தில் எழுதினால் வம்புதான். 1754இல், அப்போது 22 வயதில் பிரிட்டிஷ் பக்கம் போரிட்ட வாஷிங்டன், வட அமெரிக்காவின் நெசசிட்டி கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் மரியாதையோடு ஒப்படைத்தார். கொட்டும் மழையில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், நனைந்து மை கரைந்த பிரெஞ்சுக் காகிதம். வாஷிங்டனுக்குப் பிரெஞ்சு தெரியாது. மொழிபெயர்த்தவர் டச்சுக்காரர். ஒரு பிரெஞ்சு அதிகாரியைத் தாம் "படுகொலை" செய்ததாக ஒத்துக்கொள்ளும் வரி அதில் இருந்ததை அறியாமலே வாஷிங்டன் கையெழுத்துப் போட்டுவிட்டார். பல வருடம் அது அவரைத் துரத்தியது.

மூடிய வண்டி என்கிறார்களே, அது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து இது. வெளியேறும் படையோடு சில வண்டிகள், மேலே துணி போட்டு மூடியபடி, சோதனை இல்லாமல் போகலாம் என்று கேட்டு வாங்குவார்கள். உள்ளே என்ன இருக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். வென்ற படையிலிருந்து ஓடிவந்து இந்தப் பக்கம் சேர்ந்துகொண்டவர்கள் இருப்பார்கள். பிடிபட்டால் தூக்கு நிச்சயம். நம்பி வந்தவனைக் காட்டிக்கொடுக்க முடியாது, ஓடிப்போனவனை மன்னித்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லவும் முடியாது. இந்தச் சிக்கலுக்கு ஒரு துணி மறைப்பு.

யார்க்டவுனில் வண்டிக்குப் பதில் கப்பல். போனெட்டா என்ற சிறு போர்க்கப்பல் சோதனையின்றி நியூயார்க் போகலாம் என்று ஒரு ஷரத்து. கடிதம் கொண்டுபோவதற்காம். கடிதத்தோடு, அமெரிக்கர்கள் கையில் சிக்கினால் உயிர் தப்பாத பலரும் அதில் ஏறிப் போனார்கள். வாஷிங்டனுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

வாயில் ஈயக்குண்டு வைத்துக்கொண்டு வெளியேறினார்களாமே?

பழைய திரித்துப்பாக்கிக் காலத்து வழக்கம். அவசரமாகச் சுட வேண்டியபோது வீரன் அடுத்த குண்டுகளை வாயில் அடக்கிக்கொள்வான். பையில் துழாவும் நேரம் மிச்சம். திரியின் இரண்டு முனையையும் பற்றவைத்திருப்பான், ஒன்று அணைந்தால் மற்றது. ஆக, "வாயில் குண்டு, இருமுனையும் எரியும் திரி" என்று ஷரத்தில் எழுதினால், இந்தப் படை இப்போதே சண்டைக்குத் தயார், பலம் போய் அடங்கியதல்ல என்று பொருள். துப்பாக்கிகள் மாறி, திரிக்கே வேலை இல்லாமல் போன 18ஆம் நூற்றாண்டிலும் அந்தச் சொற்கள் ஷரத்துகளில் தொடர்ந்தன.

இதே பொருளில்தான் மதில் உடைப்பின் வழியே வெளியேறுவதும். வாசல் இருக்கும்போது கற்குவியல்மேல் ஏன் ஏறி இறங்க வேண்டும்? "இந்த உடைப்பு உண்டாகும்வரை விடவில்லை" என்று உலகத்துக்குக் காட்டத்தான்.

மரியாதையை மறுத்தால் என்ன ஆகும்?

அவமானம் நினைவில் தங்கும்; பழியாகத் திரும்பி வரும். இரண்டு சங்கிலிகளைச் சொல்கிறேன்.

முதல் சங்கிலி 1757இல், வட அமெரிக்காவின் வில்லியம் ஹென்றி கோட்டையில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் தளபதி மன்ரோ நன்றாகப் போராடிவிட்டு, பிரெஞ்சுத் தளபதி மோன்கால்மிடம் ஒப்படைத்தார். முழு மரியாதை, கௌரவத்தின் அடையாளமாக ஒரு பீரங்கியும் கொண்டுபோகலாம், பதிலுக்கு 18 மாதம் பிரான்சுக்கு எதிராகப் போரிடக் கூடாது. ஆனால் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து போரிட்ட பூர்வகுடி வீரர்களை யாரும் இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. வெற்றியில் அவர்களுக்குச் சேர வேண்டியதைக் காகிதம் பறித்துவிட்டது. மறுநாள் வெளியேறிய அணிவகுப்பின்மீது அவர்கள் பாய்ந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அதை மறக்கவில்லை. 1758இல் பிரெஞ்சுக்காரர்களின் லூயிபூர்க் கோட்டை வீழ்ந்தபோது மரியாதை மறுத்தார்கள். கம்பீஸ் படைப்பிரிவு ஆத்திரத்தில் தன் துப்பாக்கிகளை உடைத்துக் கொடிகளை எரித்தது. 1760 செப்டம்பரில் மொன்றியலிலும் பிரிட்டிஷ் தளபதி ஆம்ஹெர்ஸ்ட் மறுத்தார். பிரெஞ்சுத் தளபதி லெவி அந்த அவமானத்தைப் பொறுக்காமல், எதிரி கையில் கிடைக்காதபடி கொடிகளை எரிக்கச் சொன்னார்.

இரண்டாவது சங்கிலி சார்ல்ஸ்டன். 1780 மே மாதம் அங்கே அமெரிக்கத் தளபதி லிங்கன் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தபோது கொடியைச் சுருட்டி உறையில் போட வேண்டும், முரசில் பிரிட்டிஷ் நடையை அடிக்கக் கூடாது என்று விதித்தார்கள். இந்த இசை விஷயம் கொஞ்சம் விளக்க வேண்டியது. மரியாதையோடு வெளியேறும் படை வென்றவரின் மெட்டை வாசிப்பது சமமானவர்களுக்குள் நடக்கும் பதில் வணக்கம் மாதிரி. "எங்கள் மெட்டை வாசிக்காதே" என்றால் "நீ எனக்குச் சமமில்லை" என்று பொருள்.

அடுத்த வருடம் யார்க்டவுன். ஷரத்து எழுத அமெரிக்கா சார்பில் உட்கார்ந்தவர் ஜான் லாரன்ஸ். சார்ல்ஸ்டனில் கைதானவர்களில் ஒருவர். சார்ல்ஸ்டனுக்குக் கொடுத்த அதே மரியாதைதான் இங்கேயும் என்று வாஷிங்டன் எழுதிவிட்டார். கொடி உறையில், முரசில் பிரிட்டிஷ் அல்லது ஜெர்மானிய நடை மட்டும். கார்ன்வாலிஸ் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. அவருக்குப் பதில் வந்த ஓஹாரா, வாளைப் பிரெஞ்சுத் தளபதியிடம் நீட்டப் போனார். ரோஷாம்போ வாஷிங்டனைக் காட்டினார். வாஷிங்டனோ, துணைத் தளபதியிடம் துணைத் தளபதிதான் பெற வேண்டும் என்று லிங்கனைக் காட்டினார். சார்ல்ஸ்டனில் தலைகுனிந்த அதே லிங்கன். பிரிட்டிஷ் வீரர்கள் சிலர் துப்பாக்கியை உடைந்து போகும்படி தரையில் எறிந்தார்கள். அதையும் லிங்கன் தடுக்க வேண்டியிருந்தது.

அப்போது "உலகம் தலைகீழானது" என்ற பாட்டை வாசித்தார்களா?

அழகான கதை. ஆனால் நிகழ்ச்சி நடந்து நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலான பிறகுதான் அது அச்சில் வருகிறது. நான் நம்புவதில்லை.

பரோல் என்ற சொல் இங்கிருந்துதான் வந்ததா?

ஆமாம். பிரெஞ்சில் "பரோல்" என்றால் சொல், வாக்கு. இன்று நம் செய்தித்தாள்களில் சிறைக்கைதிகளுக்குச் சொல்லும் அதே சொல். பிடிபட்ட அதிகாரி "என்னை மாற்றிக்கொள்ளும்வரை ஆயுதம் எடுக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தால் காவல் இல்லாமல் வெளியே இருக்கலாம், சில சமயம் ஊருக்கே திரும்பலாம். 1760 ஜனவரியில் வந்தவாசிச் சண்டையில் பிடிபட்ட பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை ஆங்கிலேயத் தளபதி கூட் இப்படித்தான் போக விட்டார்.

வாக்கு இருபக்கமும் நிற்க வேண்டும். 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டையைப் பிடித்தபோது, 11 லட்சம் வராகன் பெற்றுக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே அதை ஏற்காமல் ரத்து செய்தார். "ஒப்பந்தம் உடைந்தது, இனி எங்கள் வாக்கும் கட்டாது" என்று ஆங்கிலேயர் சிலர் நழுவினார்கள். இந்திய உடையில் மாறுவேடமிட்டுக் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பியவர்களில் ஒருவர், அப்போது சாதாரண எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ்.

புதுச்சேரி 1761இல் எப்படி ஒப்படைக்கப்பட்டது?

மரியாதை இல்லாமல். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

வந்தவாசியில் தோற்றபின் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரிக்குள் ஒடுங்கினார். கூட் கோட்டையை உடைப்பதைவிடப் பட்டினி போடுவதை நம்பினார். தரையிலும் கடலிலும் வழி அடைபட்டது. தானியம் தீரத் தீர, 1760 நவம்பர் கடைசியில் லாலி ஒரு முடிவெடுத்தார். சண்டைக்கு உதவாத வாய்களை வெளியே தள்ளுவது. சுமார் 1,400 பேர்; ஊரிலிருந்த தமிழ்க் குடிகள், ஆண், பெண், குழந்தை, கிழடு. ஆங்கிலேயக் காவல் வரிசைக்கு வந்தார்கள். அங்கே "போக விட முடியாது, திரும்பிப் போ" என்றார்கள். அவர்களைத் திருப்பி உள்ளே அனுப்பினால் தானியம் சீக்கிரம் தீரும், கோட்டை சீக்கிரம் விழும் என்பது கணக்கு. திரும்பி மதிலுக்குப் போனால் பிரெஞ்சுக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை, நெருங்கினவர்கள்மேல் சுட்டார்கள். எட்டு நாள் இப்படி. குடும்பம் குடும்பமாக ஒரு காவல் முனையிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்து, புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று, இரண்டு படைகளுக்கும் நடுவே கிடந்தார்கள். பிறகுதான் கூட் மனமிரங்கி வழிவிட்டார்.

முற்றுகையில் இப்படி ஊராரை வெளியே தள்ளுவதும், வெளியே இருப்பவர் அவர்களைத் திருப்பித் தள்ளுவதும் அன்றைய போர் வழக்கத்துக்கு உட்பட்டவைதான். எந்த அதிகாரியின் கௌரவத்துக்கும் இதனால் பங்கம் வரவில்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். இருபது வருடம் கழித்து யார்க்டவுனிலும் இதேதான்: விடுதலை கிடைக்கும் என்று நம்பிப் பிரிட்டிஷ் படையிடம் ஓடிவந்த கறுப்பின மக்களை, தீனி குறைந்ததும், அம்மை கண்டவர்களையும்கூட, கார்ன்வாலிஸ் படை வெளியே தள்ளியது. ஷரத்தில் அவர்கள் உரிமையாளர்கள் திரும்பக் கேட்டுப் பெறக்கூடிய "சொத்து" ஆனார்கள்.

சரி, புதுச்சேரிக்கு வருவோம். 1761 ஜனவரி 1ஆம் தேதி பெரும் புயல் ஆங்கிலேயக் கப்பல்களைச் சிதறடித்தது. அப்போதும் உதவி வரவில்லை. 15ஆம் தேதி தூதுவர்கள் வெளியே வந்தார்கள். லாலி கொடுத்தனுப்பிய காகிதம் விசித்திரமானது. 1757இல் வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்தர்நாகூரில் ஆங்கிலேயர் நம்பிக்கைத் துரோகம் செய்தார்கள், ஆகவே அவர்களோடு தாம் எந்த உடன்படிக்கையும் பேச முடியாது. உணவில்லாததால் படைகள் போர்க்கைதிகளாகின்றன என்று எழுதியிருந்தார். இரு நாடுகளின் கைதிப் பரிமாற்ற விதிகள் பொருந்த வேண்டும் என்றும் கேட்டார். கூட் மறுத்தார். நிபந்தனை எதுவும் இல்லை.

16ஆம் தேதி காலை ஆங்கிலேயப் படை வில்லியனூர் வாசலைக் கைப்பற்றியது. உள்ளே லொரேன், லாலி படைப்பிரிவுகள் அணிவகுத்து நின்றன; பசியில் எலும்பும் தோலுமாக. துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்த ஜனவரியில்தான் கண்ணை மூடினார். பிறகு மதில், கோட்டை, மாளிகை என்று ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தள்ளினார்கள். 1758இல் செயின்ட் டேவிட் கோட்டையை லாலி தகர்த்ததற்குப் பதிலடி.

லாலி என்ன ஆனார்?

கைதியாக லண்டன் போனார். பாரிசில் தம்மைத் துரோகி என்று பேசுகிறார்கள் என அறிந்து, பதில் சொல்லப் பரோலில் தாமே பிரான்ஸ் போனார். சிறையில் வைத்தார்கள். 1766 மே 9ஆம் தேதி, பேசவிடாமல் வாயில் அடைப்பான் வைத்து, தலையை வெட்டினார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் வோல்த்தேரும் லாலியின் மகனும் போராடி, 1778இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார்கள். கோபக்காரர், யாரோடும் ஒத்துப்போகாதவர். ஆனால் துரோகி அல்ல என்பதே என் முடிவும். கையில் ஒரு நல்ல ஷரத்துக் காகிதம் இல்லாமல் ஊர் திரும்பும் தளபதிக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் இல்லை.

புதுச்சேரிக்குப் போர் மரியாதை ஒருபோதும் கிடைக்கவில்லையா?

கிடைத்தது. ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. 1778இல் அவர்களுடைய ஆளுநர் பெல்கோம்ப் மறுபடி கட்டிய மதிலை வைத்துக்கொண்டு, ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோவின் பெரும்படையை ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை தடுத்து நின்றார். உடைப்பு உண்டாகி, பாய்ச்சல் நடக்க இருந்த நேரத்தில் ஒப்படைத்தார். சரியான நேரம். படை மரியாதையோடு வெளியேறியது. பெல்கோம்ப் கேட்டுக்கொண்டதால் புதுச்சேரிப் படைப்பிரிவு தன் கொடிகளையும் வைத்துக்கொண்டது.

இலங்கையில்?

1782 ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலை. அதே வருடம் ஜனவரியில் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த கோட்டையைப் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் வளைத்தார். ஆங்கிலேயக் கப்பற்படை எந்த நேரமும் வரலாம். அதனால் பேரமே பேசாமல் கேட்டதையெல்லாம் கொடுத்தார்: முழு மரியாதை, படையைத் தம் கப்பலிலேயே சென்னைக்குக் கொண்டுபோய் விடுவது. கோட்டை கைமாறி மூன்று நாள்கூட ஆகவில்லை, ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹ்யூஸின் கப்பல்கள் அடிவானில் தெரிந்தன. அதற்குள் துறைமுகம் சுஃப்ரான் கையில். மரியாதை கொடுத்து நாளை வாங்குவது என்றால் இதுதான்.

ஐதரும் திப்புவும் இந்த வழக்கத்தை மதித்தார்களா?

அறிந்திருந்தார்கள், இடத்துக்குத் தக்கபடி நடந்தார்கள். 1784 ஜனவரியில் மங்களூரில் எட்டு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்து போராடிய ஆங்கிலேயத் தளபதி காம்பெல்லின் படையைத் திப்பு ஆயுதத்தோடும் மரியாதையோடும் தலச்சேரிக்குப் போக விட்டார். அதற்கு முந்தைய வருடம் பெத்னூரில் ஷரத்துப் போட்டு ஒப்படைத்த ஆங்கிலேயத் தளபதி மாத்யூசைச் சிறையில் அடைத்தார். ஒப்பந்தப்படி விட்டுப் போக வேண்டிய கஜானாவை ஆங்கிலேயர் காலி செய்துவிட்டார்கள் என்பது அவர் தரப்பு. மாத்யூஸ் சிறையிலேயே இறந்தார்.

திறந்த வெளியில் சரணடைவது இன்னும் ஆபத்து. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லி வெள்ளைத் துணியை உயர்த்திய பிறகும் அவர் படையில் சிலர் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். புகையிலும் இரைச்சலிலும் அவர்களுக்கு விஷயமே எட்டவில்லை. ஐதரின் குதிரைப்படை பாய்ந்து வெட்டியது. பிரெஞ்சு அதிகாரிகள் குறுக்கே புகுந்துதான் மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்றினார்கள்.

இந்த மரியாதை நம் ஊர்த் தலைவர்களுக்குக் கிடைத்ததா?

பெரும்பாலும் இல்லை. 1752இல் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுத் தளபதி லா, ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்சிடம் முறைப்படி ஒப்படைத்துக் கைதியானார். அவரோடு இருந்த, பிரெஞ்சு ஆதரவோடு ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், உயிருக்கு உத்தரவாதம் கொடுத்த தஞ்சைத் தளபதி மானோஜியிடம் போய், தலையை இழந்தார்.

யூசுப்கான், நாம் மருதநாயகம் என்று சொல்பவர், 1758-59இல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது கும்பினிக்காக, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையை அலைக்கழித்தவர். பிறகு மதுரையில் தனித்து நின்றபோது அதே கும்பினிக்குக் கிளர்ச்சிக்காரர் ஆனார். கிளர்ச்சிக்காரருக்கு ஷரத்து கிடையாது. மதுரையில் அவரோடு இருந்த பிரெஞ்சு அதிகாரி மார்ஷானும் சொந்த ஆட்களுமே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். கோட்டையை முற்றுவதற்கு உழிஞை, காப்பதற்கு நொச்சி என்று தனித்தனி திணையே வகுத்த மொழி நம்முடையது. மதுரையை அத்தனை மாதம் காத்தவருக்குக் கிடைத்தது கயிறு.

இந்த வழக்கம் எப்போது மறைந்தது?

பிரெஞ்சுப் புரட்சி முதல் அடி கொடுத்தது. உடைப்பும் பாய்ச்சலும் நடக்கும் முன் கோட்டையை ஒப்படைக்கும் தளபதிக்கு மரணம் என்று 1792இல் சட்டம் வந்தது. ஆனால் வழக்கம் முழுவதும் செத்துவிடவில்லை. சரணடைவு ஒப்பந்தங்கள் ராணுவ கௌரவத்தின் விதிகளை மனதில் கொள்ள வேண்டும் என்ற வரி 1907 ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறது.

இதன் தடம் ஏதாவது இன்று பார்க்கக் கிடைக்குமா?

யார்க்டவுனில் ஷரத்து எழுதிய மூர் வீடு இருக்கிறது. ஆயுதம் வைத்த வயலையும் பாதுகாக்கிறார்கள். புதுச்சேரியில் கோட்டை போய்விட்டது. அது நின்ற பக்கத்தில் இன்று பாரதி பூங்கா. மதில் போன வழி மட்டும் தெரியும். பழைய ஊரை முட்டை வடிவத்தில் சுற்றி வரும் புல்வார் சாலைகள் அந்த மதிலின் தடத்தில்தான் போகின்றன. மேற்கே அண்ணா சாலையைக் கடந்து ஊருக்கு வெளிப்பக்கமாக நடந்தால், அந்த 1,400 பேர் எட்டு நாள் கிடந்த நிலத்தின் பக்கம்தான் போய்க்கொண்டிருப்பீர்கள். இப்போது அங்கே கடைகளும் பேருந்துகளும். அவர்களுக்கென்று ஒரு கல்கூட அங்கே என் கண்ணில் பட்டதில்லை.